உங்களுக்குத் தெரியுமா? பிளாஸ்மாவை வடித்து ரத்தக் குழாயைக் காப்பாற்றும் கதை

★ நம் ரத்தத்தில் பாதிக்குச் சற்று மேல், அதாவது சுமார் 55 சதவீதம், பிளாஸ்மா என்ற மஞ்சள் திரவம்தான். 60 கிலோ எடையுள்ள ஒருவரிடம் ஏறக்குறைய இரண்டரை லிட்டர் இருக்கும். சில நோயாளிகளுக்கு இந்த அளவு முழுவதையும், சமயத்தில் அதற்கு மேலும், வெளியே எடுத்துக் கொட்டிவிட்டு மாற்றுத் திரவம் ஏற்றுகிறார்கள். இரண்டே வாரத்தில் ஏழு தடவைகூட இது நடக்கும். பிளாஸ்மா மாற்று சிகிச்சை என்பது இதுதான்.

★ ரத்தக் குழாயின் சுவரை உடம்பின் காவல் படையே தாக்கிப் புண்ணாக்கும் நோய்களுக்கு வாஸ்குலைட்டிஸ், அதாவது ரத்தநாள அழற்சி, என்று பெயர். இது ஒற்றை நோயல்ல, பெரிய குடும்பம். பெருந்தமனியைத் தாக்கும் தகயாசு, குழந்தைகளின் இதயக் குழாய்களைத் தாக்கும் கவாசாகி, கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களைச் சிதைக்கும் ஆன்கா வகை என்று கிளைகள் நிறைய. கடைசியாகச் சொன்னதுதான் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் ஒன்றாகக் குறிவைப்பது. இருமினால் ரத்தம் வரும். சிறுநீரகம் சில வாரங்களுக்குள் கைவிட்டுவிடும்.

★ இந்தக் குடும்பத்தில் முதன்முதலில் முழுமையாக விவரிக்கப்பட்ட நோயாளி ஒரு தையல் தொழிலாளி. ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் 27 வயதில் இறந்துபோனார். அவருடைய தமனிகளில் வரிசையாக முடிச்சுகள் இருந்ததை குஸ்மால், மையர் என்ற இரு மருத்துவர்கள் 1866-இல் எழுதிவைத்தார்கள்.

★ கோவிட் காலத்தில் தினமும் தொலைக்காட்சியில் வந்த அமெரிக்க மருத்துவர் ஆன்டனி ஃபௌசியை நினைவிருக்கிறதா? அவர் இளமையில் பெயர் வாங்கியது இந்த நோயில்தான். அன்று வெகனர் நோய் என்று அழைக்கப்பட்ட ஆன்கா வகை வந்தவர்கள், சிகிச்சையில்லாமல் சராசரியாக 5 மாதம்தான் உயிரோடு இருந்தார்கள். சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற புற்றுநோய் மருந்தைச் சிறிய அளவில் ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுத்தால் பெரும்பாலானவர்கள் பிழைக்கிறார்கள் என்பதை, 85 நோயாளிகளின் விவரங்களோடு ஃபௌசி குழு 1983-இல் வெளியிட்டது. பின்னாளில் நோய்க்குப் பெயர் தந்த மருத்துவர் வெகனரின் நாஜிக் கட்சித் தொடர்பு வெளியே வந்ததால், 2011-இல் மருத்துவச் சங்கங்கள் நோயின் பெயரிலிருந்தே அவரை நீக்கிவிட்டன. செய்ய வேண்டிய காரியம்தான்.

★ பிளாஸ்மாவை ஏன் குற்றம் சொல்ல வேண்டும்? குற்றவாளி அதில்தான் மிதக்கிறது. கிருமிகளை அடிக்க வேண்டிய ஆன்டிபாடி என்ற புரதம், சிலருக்குச் சொந்த வெள்ளை அணுக்கள் மீதே ஒட்டி அவற்றை வெறிகொள்ள வைக்கிறது. வெறிகொண்ட அணுக்கள் நுண்குழாயின் சுவரைத் துளைக்கின்றன. அந்த ஆன்டிபாடிதான் ஆன்கா. 1982-இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் சில சிறுநீரக நோயாளிகளிடம் இதைப் பார்த்தார்கள். வெகனர் நோயோடு இதற்குள்ள உறவு 1985-இல் உறுதியானது. புரதம் பிளாஸ்மாவில் இருக்கிறது, பிளாஸ்மாவை எடுத்துவிட்டால் புரதமும் போய்விடும் என்பது எளிய கணக்கு. மருத்துவத்தில் எளிய கணக்குகள் எப்போதும் சரியாக வருவதில்லை. அதைக் கீழே பார்ப்போம்.

★ ‘டயாலிசிஸ் செய்தாலே ரத்தம் சுத்தமாகிவிடுமே, இது எதற்கு?’ என்று நோயாளியின் வீட்டார் கேட்பது வழக்கம். நியாயமான கேள்வி. டயாலிசிஸ் வடிகட்டியின் துளைகள் யூரியா, கிரியேட்டினின், பொட்டாசியம் போன்ற சின்னச் சின்ன மூலக்கூறுகளுக்கானவை. கிரியேட்டினினின் மூலக்கூறு எடை 113. ஐ.ஜி.ஜி. ஆன்டிபாடியின் எடை சுமார் 1,50,000. டயாலிசிஸில் எத்தனை மணி நேரம் படுத்திருந்தாலும் ஆன்டிபாடி வெளியே வராது. பிளாஸ்மா வடிகட்டியின் துளைகள் எல்லாப் புரதங்களையும் விடுகிற அளவுக்குப் பெரியவை, ரத்த அணுக்கள் மட்டும் நுழைய முடியாது. சிறுநீரகம் செயலிழந்த வாஸ்குலைட்டிஸ் நோயாளிக்கு இரண்டும் தேவைப்படலாம்.

★ கிட்டே போய்ப் பார்த்தால் எப்படி இருக்கும்? கழுத்திலோ தொடை இடுக்கிலோ உள்ள பெரிய சிரையில் இரண்டு வாய் கொண்ட ஒரு குழாய். ஒரு வாய் வழியாக ரத்தம் எந்திரத்துக்குப் போகிறது. அங்கே ஒன்று, வடிகட்டி பிரிக்கும். இல்லையென்றால், வேகமாகச் சுற்றும் கிண்ணம் அணுக்களை ஒரு பக்கமும் பிளாஸ்மாவை ஒரு பக்கமும் ஒதுக்கும். மஞ்சள் திரவம் கீழே தொங்கும் பையில் சொட்டிச் சேர்கிறது. சிவப்பணுக்கள் மாற்றுத் திரவத்தோடு கலந்து இன்னொரு வாய் வழியாக உடம்புக்குத் திரும்புகின்றன. இரண்டு, மூன்று மணி நேரம். வலி அதிகமில்லை. ஆனால் பாதி வழியில் பலர் ‘உதடு மரத்துப்போகுது, விரல் நுனி குறுகுறுங்குது’ என்பார்கள். எந்திரத்தில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட், ரத்தத்தில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் வரும் விளைவு இது. பக்கத்திலிருக்கும் நர்ஸ் கால்சியம் ஏற்றினால் சில நிமிடங்களில் சரியாகிவிடும். சொல்லாமல் பொறுத்துக்கொண்டால் கை விரல்கள் இழுத்துக்கொள்ளலாம். இங்கே பொறுமை நல்லதல்ல.

★ அந்தப் பையின் நிறமும் ஒரு ரிப்போர்ட்தான். சாதாரணமாக வெளிர் மஞ்சள். கொழுப்பு அதிகமாகச் சாப்பிட்டுவிட்டு வந்தால் கலங்கிப் பால்போல் இருக்கும். காமாலை என்றால் அடர்ந்து பழுப்பாகும். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள் சிலருக்குப் பச்சை சாயல்கூட வரும். செம்பைச் சுமக்கும் ஒரு புரதம் அவர்களுக்குக் கூடுவதால் இந்தப் பச்சை, பயப்பட ஒன்றுமில்லை.

★ ஒரு முழு அளவு பிளாஸ்மாவை மாற்றினால் கெட்ட புரதம் நூறு சதவீதமும் போய்விடாது. சுமார் 63 சதவீதம்தான் போகும். தொட்டியில் இருக்கும் உப்புத் தண்ணீரை ஒரு பக்கம் திறந்துவிட்டு, மறுபக்கம் நல்ல தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால், ஊற்றிய நல்ல தண்ணீரிலும் ஒரு பகுதி வெளியேறும் அல்லவா, அந்தக் கணக்கு. ஒன்றரை மடங்கு மாற்றினால் சுமார் 78 சதவீதம், இரண்டு மடங்குக்கு 86 சதவீதம். அளவைக் கூட்டக் கூட்ட லாபம் குறைகிறது. அதனால்தான் ஒரே நாளில் ஐந்து லிட்டர் மாற்றாமல், சிறிது சிறிதாகப் பல நாள் செய்கிறார்கள்.

★ இன்னொரு காரணமும் உண்டு. ஐ.ஜி.ஜி.யில் பாதிக்கும் குறைவான பங்குதான் ரத்தக் குழாய்க்குள் ஓடுகிறது. மீதி தசையிலும் தோலடியிலும் திசுக்களுக்கு இடையில் பதுங்கியிருக்கிறது. இன்று ரத்தத்தைக் காலி செய்தால் ஓரிரு நாளில் அது கசிந்து ரத்தத்துக்கு வந்துவிடும். போதாததற்கு, புதிது புதிதாக உற்பத்தியும் நடக்கிறது. உற்பத்தியை நிறுத்த ஸ்டீராய்டு, சைக்ளோஃபாஸ்ஃபமைடு, ரிட்டுக்சிமாப் மாதிரி மருந்துகள் கட்டாயம் வேண்டும். மருந்து வேலை செய்யத் தொடங்கும் வரை அவகாசம் வாங்கிக் கொடுப்பதுதான் எந்திரத்தின் வேலை. இதை மட்டும் வைத்து வாஸ்குலைட்டிஸ் குணமாகாது.

★ மருந்தைக் கொடுத்த கையோடு பிளாஸ்மாவை எடுத்தால் மருந்தும் பையில் போய்விடும்! ரிட்டுக்சிமாப்பும் ஓர் ஆன்டிபாடிதான், எந்திரத்துக்கு நல்லது கெட்டது தெரியாது. அதனால் அதை ஏற்றிய பிறகு ஒன்றிரண்டு நாள் இடைவெளி விடுவார்கள். தினசரி மாத்திரைகளையும் எந்திரம் நின்ற பிறகு சாப்பிடச் சொல்வது இதனால்தான். ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அதோடு பிளாஸ்மா மாற்று சேர்ந்தால் முகம் சிவந்து ரத்த அழுத்தம் சட்டென்று விழக்கூடும்.

★ பிளாஸ்மாவைப் பிரித்து எடுக்கும் யோசனைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் ஜேக்கப் ஏபல் என்ற மருந்தியல் பேராசிரியர் 1914-இல் நாய்களிடமிருந்து ரத்தம் எடுத்து, பிளாஸ்மாவை நீக்கிவிட்டு, அணுக்களை மட்டும் திருப்பி ஏற்றிக் காட்டினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அதே ஏபல் செயற்கைச் சிறுநீரகத்தையும் நாய்களில் சோதித்திருந்தார். ரத்தம் உறையாமலிருக்க அவருக்குக் கிடைத்தது அட்டையிலிருந்து எடுத்த ஹிருடின்.

★ எந்திரம் வந்ததில் ஒரு தகப்பனின் பங்கு இருக்கிறது. ஐ.பி.எம். நிறுவனப் பொறியாளர் ஜார்ஜ் ஜட்சனின் மகனுக்கு ரத்தப் புற்றுநோய். மருத்துவமனையில் ரத்தத்தைப் பை பையாக எடுத்துப் பிரிக்கும் பாட்டைப் பார்த்தவர், இதைத் தொடர்ந்து ஓடும் எந்திரமாகச் செய்யலாமே என்று யோசித்தார். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தின் எமில் ஃபிரைரைக்கோடு சேர்ந்து 1960-களின் நடுவில் ரத்த அணுப் பிரிப்பான் உருவானது. வெள்ளை அணுக்களுக்காகச் செய்த எந்திரம் பிளாஸ்மா எடுக்கவும் பயன்பட்டது. கம்ப்யூட்டர் கம்பெனி என்று நாம் நினைக்கும் ஐ.பி.எம்.முக்கு மருத்துவத்தில் இப்படி ஒரு புண்ணியக் கணக்கு!

★ வாஸ்குலைட்டிஸ் பக்கம் இந்த எந்திரத்தைத் திருப்பியது லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனை. 1970-களின் நடுவில் மார்ட்டின் லாக்வுட், கீத் பீட்டர்ஸ் முதலியோர், நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும் இன்னொரு வகையான குட்பாஸ்டர் நோய் வந்தவர்களுக்குப் பிளாஸ்மாவை மாற்றிப் பார்த்தார்கள். 1976-இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள். நுரையீரல் ரத்தக்கசிவு நின்றது, சிலருக்குச் சிறுநீரகமும் தப்பியது. அதுவரை பெரும்பாலோரைக் கொன்ற நோய் அது. எர்னஸ்ட் குட்பாஸ்டர் 1919-இல் ஃபுளூ கொள்ளைநோய் சமயத்தில் இறந்த ஓர் 18 வயது இளைஞரைப் பற்றி எழுதியிருந்ததால் நோய்க்கு அவர் பெயர் வந்தது.

★ குட்பாஸ்டர் நோயில் சிகரெட்டின் வேலையைப் பாருங்கள். 1983-இல் வெளியான ஓர் ஆய்வில் 47 நோயாளிகள். புகைபிடித்த 37 பேருக்கும், ஒருவர் தப்பாமல், நுரையீரலில் ரத்தம் கசிந்தது. புகைபிடிக்காத 10 பேரில் இருவருக்கு மட்டும்.

★ எடுத்த பிளாஸ்மாவுக்குப் பதில் என்ன ஏற்றுகிறார்கள்? பெரும்பாலும் 5 சதவீத அல்புமின் கரைசல். மூன்று லிட்டர் வேண்டுமென்றால் 150 கிராம் அல்புமின். நம் ஊரில் கிடைக்கும் 20 சதவீத 100 மில்லி பாட்டில் ஒன்றில் 20 கிராம், ஆக ஒரே நாளைக்கு ஏழெட்டு பாட்டில். பாட்டில் விலை ஆயிரங்களில். ஏழு தடவைக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். மருத்துவமனைக் கட்டணத்தைவிடப் பல குடும்பங்களை அசைத்துவிடுவது இந்த அல்புமின் பில்தான். செலவைக் குறைக்கப் பாதி அளவு சலைன் சேர்ப்பதும் உண்டு. நுரையீரலில் ரத்தக்கசிவு இருந்தால் தானமாகக் கிடைத்த உறைநிலைப் பிளாஸ்மாவை ஏற்றுவார்கள். உறையவைக்கும் புரதங்கள் அல்புமினில் இல்லை, கசிவு அதிகமாகிவிடும்.

★ அல்புமினைப் பிரித்தெடுக்கும் முறை போர்க்களத்துக்காகப் பிறந்தது. ஹார்வர்டின் எட்வின் கோன் உருவாக்கிய முறையில் எடுத்த அல்புமின், 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகத் தாக்குதலில் தீக்காயம் பட்டவர்களுக்கு ஏற்றப்பட்டது. அடர்ந்த அல்புமினைச் சலைனில்தான் கரைக்க வேண்டும். வெறும் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து ஏற்றினால் சிவப்பணுக்கள் உடைந்து சிதறும். 1990-களில் அமெரிக்காவில் இப்படி நடந்து எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று.

★ இரண்டு வடிகட்டி முறையை வளர்த்தவர்கள் ஜப்பானியர்கள். முதல் வடிகட்டி பிளாஸ்மாவைப் பிரிக்கும். அந்தப் பிளாஸ்மா இன்னும் நுண்ணிய இரண்டாவது வடிகட்டிக்குப் போகும். பெரிய ஆன்டிபாடிகள் அங்கே சிக்கிக்கொள்ள, சிறிய அல்புமினில் பெரும்பகுதி நோயாளிக்கே திரும்பிவிடும். அல்புமின் செலவு வெகுவாகக் குறையும். இந்தியாவில் பல மருத்துவமனைகள் இதை விரும்புவதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

★ சிலருடைய ரத்தத்தில் குளிர்ந்தால் திரளும் புரதம் இருக்கும். கிரையோகுளோபுலின் என்று பெயர். ஹெபடைடிஸ் சி கிருமியால் பெரும்பாலும் வரும் இதுவும் ரத்தக் குழாயைப் புண்ணாக்கும். காலில் ஊதாப் புள்ளிகள், மரத்துப்போதல், சிறுநீரகக் கோளாறு. இதைக் கண்டுபிடிக்க ரத்த மாதிரியை 37 டிகிரி வெப்பத்திலேயே பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வழியில் ஆறிவிட்டால் புரதம் டியூபிலேயே அடியில் படிந்து, ‘நோய் இல்லை’ என்று ரிப்போர்ட் வந்துவிடும். கடுமையான கட்டத்தில் இதற்கும் பிளாஸ்மா மாற்று உண்டு. மாற்றுத் திரவத்தைச் சூடேற்றியே ஏற்ற வேண்டும்.

★ ஹெபடைடிஸ் பி கிருமியாலும் ஒரு வகை ரத்தநாள அழற்சி வரும். இங்கே ஸ்டீராய்டை நீட்டித்துக் கொடுத்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். பிரான்ஸ் மருத்துவர்கள் கண்ட வழி: ஸ்டீராய்டைச் சில நாட்களோடு நிறுத்தி, கிருமி மருந்தும் பிளாஸ்மா மாற்றும் கொடுப்பது. காரணத்தையே தாக்குகிற சிகிச்சை என்பதால் இந்த நோயில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

★ இனி அந்த ‘எளிய கணக்கு’. ஆன்கா நோயில் சிறுநீரகம் கெட்டு, ரத்தத்தில் கிரியேட்டினின் 5.8-க்கு மேல் ஏறிவிட்ட 137 பேரிடம் ஐரோப்பாவில் ஒரு சோதனை நடத்தி 2007-இல் வெளியிட்டார்கள். பிளாஸ்மா மாற்றியவர்களில் 69 சதவீதம் பேர் மூன்றாம் மாதத்தில் டயாலிசிஸ் இல்லாமல் உயிரோடு இருந்தார்கள். அதற்குப் பதில் ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் 49 சதவீதம். மருத்துவ உலகம் மகிழ்ந்தது. ஆனால் அதே நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது வித்தியாசம் மங்கிவிட்டது. பிறகு 16 நாடுகளில் 704 பேரைச் சேர்த்து ‘பெக்ஸிவாஸ்’ என்ற பெரிய ஆய்வு. அரிய நோய்க்கு இத்தனை பேரைத் திரட்டியதே சாதனை. 2020-இல் முடிவு வந்தது: பிளாஸ்மா மாற்றியவர்களில் இறந்தவர்களும் சிறுநீரகம் முழுதாகப் போனவர்களும் சேர்ந்து 28.4 சதவீதம், மாற்றாதவர்களில் 31 சதவீதம். புள்ளியியல் கண்ணில் இது வித்தியாசமே அல்ல.

★ அதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருந்தது. ஒரு பகுதியினருக்கு ஸ்டீராய்டை வேகமாகக் குறைத்தார்கள். ஆறு மாதத்தில் அவர்கள் சாப்பிட்ட மொத்த அளவு வழக்கமானதில் 60 சதவீதத்துக்கும் குறைவு. நோய்க் கட்டுப்பாடு கெடவில்லை, முதல் ஆண்டில் கடுமையான தொற்றுகள் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தன. இன்று வார்டில் நோயாளிக்கு அன்றாடம் பலன் தருவது, எந்திரத்தைப் பற்றிய முடிவைவிட இந்த முடிவுதான் என்பேன்.

★ அப்படியானால் எந்திரத்தை மூட்டை கட்டிவிடலாமா? வேண்டாம். 2022-இல் 9 ஆய்வுகளைச் சேர்த்து, 1,060 பேரின் விவரங்களை மறுபடி அலசினார்கள். ஓராண்டுக்குள் சிறுநீரகம் முழுதாகப் போகும் ஆபத்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. கடுமையான தொற்று வரும் ஆபத்து நாலில் ஒரு பங்கு கூடுகிறது. இறப்பு எண்ணிக்கையில் மாற்றமில்லை. நல்ல ஆன்டிபாடிகளையும் சேர்த்துக் கொட்டுவதற்கு உடம்பு கொடுக்கும் விலை அந்தத் தொற்று. கிரியேட்டினின் 3.4-ஐத் தாண்டியவர்கள், அது வேகமாக ஏறுகிறவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள், நுரையீரல் கசிவால் ஆக்சிஜன் குறைந்தவர்கள் ஆகியோருக்கு இதை யோசிக்கலாம் என்கிறது 2024-இன் சர்வதேசச் சிறுநீரக வழிகாட்டி. மற்றவர்களுக்கு மருந்தே போதும். குட்பாஸ்டர் நோய்க்கு மட்டும் இந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. அங்கே பிளாஸ்மா மாற்று இன்றும் முதல் வரிசைச் சிகிச்சை.

★ தகயாசு நோய்க்குப் பிளாஸ்மா மாற்று வழக்கமில்லை. கையில் நாடி கிடைக்காமல் போகும் இந்த நோய் ஆசியப் பெண்களிடம் அதிகம். வேலூர் சி.எம்.சி.யில் பெரிய எண்ணிக்கையில் இந்த நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து ஆய்வு செய்கிறார்கள். அதே வேலூரில் பிளாஸ்மா மாற்று எந்திரம் வேறொரு உயிரைக் காக்கிறது: எலி பேஸ்ட் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர்களுக்குக் குறைந்த அளவு பிளாஸ்மா மாற்றும் முறையை அங்கே பயன்படுத்தி, பலனையும் வெளியிட்டிருக்கிறார்கள்.

★ ‘ரத்தத்தைச் சுத்தம் செய்து இளமையைத் திருப்பித் தருகிறோம்’ என்று வெளிநாடுகளில் சில கிளினிக்குகள் ஆரோக்கியமானவர்களுக்கே பிளாஸ்மா மாற்று விற்கின்றன. கழுத்தில் குழாய், தொற்று ஆபத்து, கால்சியம் சரிவு, இத்தனையும் நோயில்லாத உடம்புக்கு. வீண் வேலை.

★ கடைசியாக ஒரு கணக்கு. ஹேமர்ஸ்மித்தில் பிளாஸ்மா மாற்று செய்துகொண்ட 71 குட்பாஸ்டர் நோயாளிகளின் விவரம் 2001-இல் வெளியானது. கிரியேட்டினின் 5.7-க்குக் கீழே இருக்கும்போதே வந்தவர்களில் 95 சதவீதம் பேருக்கு ஓராண்டு கழித்தும் சிறுநீரகம் வேலை செய்தது. டயாலிசிஸ் தேவைப்படும் நிலையில் வந்தவர்களுக்கு அது வெறும் 8 சதவீதம். மருத்துவமனை ஒன்று, எந்திரம் ஒன்று, மருந்தும் ஒன்று, வந்த நாள்தான் வேறு. ஆகவே இருமலில் ரத்தம், தேநீர் நிறத்தில் அல்லது நுரைத்துப் போகும் சிறுநீர், வாரக்கணக்கில் ஆறாத மூக்குப் புண், காலில் அழுத்தினாலும் மறையாத ஊதாப் புள்ளிகள், காரணமில்லாத காய்ச்சலோடு எடைக் குறைவு, இவற்றில் ஒன்றிரண்டு சேர்ந்து வந்தால் டாக்டரிடம் சிறுநீர்ப் பரிசோதனையும் கிரியேட்டினினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அரசு மருத்துவமனைகளிலும் இந்த இரண்டு பரிசோதனைகளும் உண்டு. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.